வாய் தெரியாத ஒன்பது நொடி

அவனுக்குக் கத்திரி என்று பெயர் வைத்தவர் வீடியோ கேசட் கடைக்காரர். பத்தொன்பது வயதில் அந்தக் கடையில் கேசட்டை ஓட்டிப் பதியும் இரண்டு டெக்குகளை வைத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய மூன்று மணி நேரக் கல்யாணப் படத்தை நாற்பது நிமிடமாகச் சுருக்கிக் கொடுத்தான். பெண் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி நன்றி சொன்னார்கள். இரண்டையும் கேட்டு முடித்த கடைக்காரர், "இவன் மனுசனே இல்ல, கத்திரி" என்றார். கேசட் போயிற்று, டெக் போயிற்று, கடையும் போயிற்று. பெயர் மட்டும் நாற்பத்தாறு வயதிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இப்போது வேலை நடப்பது வீட்டின் முன்னறையில். வீடு ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே காற்று அடிக்கும் இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேசை லேசாக நடுங்கும். மேசையில் இரண்டு திரை, மேசைக்கடியில் இரண்டு செங்கல்லின் மேல் கம்ப்யூட்டர், ஜன்னலில் பழைய போர்வை. ஏழு வருடப் பழைய கம்ப்யூட்டர் அது. வெயில் நாட்களில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுவான். "எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட இப்படி விசிறி வச்சதில்ல" என்பாள் மனைவி. உண்மைதான்.

அந்த அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவனுடையது. இன்னொன்று அக்காவுடையது.

அக்கா அவனைவிட மூன்று வயது மூத்தவள். ஆறு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு போகவில்லை. ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் பேசுவாள். புதியவர்களுக்குப் புரியச் சற்று நேரமாகும். மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்தே படித்துவிடுவாள். அவளோடு பேசும்போது கத்திரி குரலே எழுப்புவதில்லை, வாயை மட்டும் அசைப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "ரெண்டு பேரும் சேந்துட்டா வீடே ஊமைப்படம்" என்று மனைவி இதற்கும் ஒன்று வைத்திருந்தாள்.

அக்காவுக்கு வேலை கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில். பட்டையில் வரிசையாக நகர்ந்து வரும் பாட்டில்கள் ஒரு வெள்ளை விளக்குப் பலகையைத் தாண்டிப் போகும். அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, விரிசல், குமிழ், கோணல் எது கண்ணில் பட்டாலும் அந்த பாட்டிலை எடுத்து ஓரத்தில் போட வேண்டும். பதினெட்டு வருடமாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பிரிவில் மொத்தம் எட்டுப் பெண்கள். நான்கு பேருக்குக் காது கேட்காது. பாட்டில்கள் மோதும் சத்தத்தில் காது கேட்பவர்களுக்குத் தலைவலி வரும் என்று முதலாளியே தேடிப்பிடித்துச் சேர்த்தவர்கள்.

இந்தக் கண்ணைத்தான் கத்திரி தன் தொழிலுக்கும் பயன்படுத்திக்கொண்டான். எந்தப் படமானாலும் வெளியே போகும் முன் அக்கா ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவன் முதன்முதலில் கம்ப்யூட்டரில் வெட்டிய படத்தை அவளுக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டியபோது, "அந்த ஆளு ஏன் ரெண்டு தடவ உக்கார்றாரு?" என்று கேட்டாள். போட்டுப் பார்த்தான். இரண்டு தடவைதான் உட்கார்ந்தார். பாட்டுச் சத்தத்தில் அவன் கண்ணுக்கு அது தப்பியிருந்தது. அன்றிலிருந்து அது சட்டமாயிற்று. சத்தம் இல்லாமல் நிற்கும் படம் சத்தத்தோடும் நிற்கும் என்பது அவன் கணக்கு.

தொழிற்சாலைக்கு இருபத்தைந்து வருடம் நிறையப் போகிறது, அதற்கு ஒரு படம் வேண்டும் என்ற வேலை வந்தபோது அக்கா வழக்கமில்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாள்.

"எங்க செக்சன் வருதா?"

"வராம? நீதானே அங்க ஹீரோயின்."

"விளையாடாத. எவ்வளவு நேரம் வருது?"

கேள்விக்குப் பின்னால் பயம் இருந்தது. பாட்டிலைப் பரிசோதிக்கக் கேமரா வைத்த இயந்திரம் வரப்போகிறது என்று இரண்டு மாதமாகவே காற்றுவாக்கில் ஒரு பேச்சு. முதலாளியிடம் கேட்டால் சிரிப்பார். மேற்பார்வையாளரிடம் கேட்டால் முதலாளியிடம் கேட்கச் சொல்வார். ஆகவே எட்டுப் பேரும் கூடிப் பேசித் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். அனுப்புகிற ஆளை எதற்குப் படத்தில் காட்டப்போகிறார்கள்? படத்தில் பிரிவு நன்றாக வந்தால் வேலை இருக்கிறது. அரைகுறையாக வந்தால் சந்தேகம்தான். கத்திரிக்கு இது வேடிக்கையாகத்தான் பட்டது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தபோது சிரிக்க மனம் வரவில்லை.

"நல்லா வரும்கா. நான் பாத்துக்கறேன்" என்றான்.

படம் எடுத்தவர் அவனோடு பத்து வருடமாக வேலை செய்யும் கேமராக்காரர். அவர் அப்போதுதான் புதுக் கேமரா வாங்கியிருந்தார். முகத்து மயிரைக்கூட எண்ணிவிடலாம் என்றார். அவர் கொண்டுவந்து கொடுத்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகி முதல் காட்சியை ஓடவிட்டதுமே அது பல்லைக் காட்டிவிட்டது. ஒரு தொழிலாளி கையைத் தூக்கினார், நின்றார், நான்கு நொடி அப்படியே இருந்தார், பிறகு கை கீழே இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்பது கேமராவுக்குத்தான் வெளிச்சம்.

அக்கா பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் விக்கலா?" என்றாள்.

விக்கலுக்குக் காரணம் இதுதான். அவ்வளவு பெரிய படத்தைச் சின்ன மெமரி அட்டைக்குள் அடக்க, கேமரா அதைப் பெட்டிக்குள் துணியைத் திணிப்பதுபோல அமுக்கி வைத்துவிடுகிறது. கம்ப்யூட்டர் அதை ஒவ்வொரு சட்டமாக, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமாகப் பிரித்து உதறிக் காட்ட வேண்டும். நொடிக்கு ஐம்பது சட்டம். ஏழு வயதுக் கம்ப்யூட்டர் எத்தனை உதறும்?

கேமராக்காரரிடம் போனில் சொன்னான். "புது மெஷின் வாங்குங்க கத்திரி. காலம் மாறிடுச்சு" என்றார். தலையில் கட்டுகிறவருக்குச் சொல்வது எளிது. விழா சனிக்கிழமை. அன்று திங்கள்.

கத்திரி கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து தூசியை ஊதினான். பின்னால் சும்மா ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் மூடினான். பழைய டிஸ்க்கிலிருந்த படங்களை, இருப்பதிலேயே வேகமான டிஸ்க்குக்கு மாற்றினான். சேர்ந்து கிடந்த பழைய குப்பைகளை அழித்தான். திரையில் காட்டும் அளவைக் கால்வாசியாகக் குறைத்தான். ஒவ்வொன்றுக்கும் விக்கல் கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை. செவ்வாய் மாலை வரை இதே பாடு. கடைசியில், இதுவரை தேவைப்படாததால் தொடாமலே வைத்திருந்த வழிக்கு வந்தான். ஒவ்வொரு பெரிய படத்துக்கும் இலேசான ஒரு சின்னப் பிரதி எடுத்துக்கொள்வது. வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் சின்னப் பிரதியில். எல்லாம் முடிந்து வெளியே எடுக்கும்போது ஒரு பொத்தானை மாற்றினால் சின்னதன் இடத்தில் பெரியது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குப் பிரதி எடுக்கப் போட்டுவிட்டு, முடிவெட்டிக்கொண்டு, கரண்ட் பில் கட்டி, மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தான். நான்கு மணிக்கு எல்லாம் தயாராக இருந்தது. ஓடவிட்டான். வெண்ணெயாக ஓடியது. முன்னே போ என்றால் போயிற்று, நில் என்றால் நின்றது. ஏழு வருடக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்தான். புது மெஷினாம், புது மெஷின்! அன்று இரவுக்குள் பாதிப் படம் முடிந்தது.

அக்காவின் பிரிவுக்கு அவன் கொஞ்சம் தாராளமாகவே இடம் கொடுத்தான். இருப்பதில் அழகான காட்சி ஒன்று அகப்பட்டது. முன்னால் விளக்கொளியில் பாட்டில்கள், நடுவில் எட்டுப் பெண்களின் தலைகள், பின்னால் முதலாளியும் கோட்டுப் போட்ட ஒருவரும் அவர்களைப் பார்த்தபடி நிற்கிறார்கள். முதலாளி கையை நீட்டிப் பெண்களைக் காட்டி ஏதோ சொல்கிறார். குடும்பத்தை அறிமுகப்படுத்தும் தகப்பனைப் போலிருந்தது. ஒன்பது நொடி. அதைக் கொஞ்சமும் வெட்டாமல் வைத்து, மேலே பாட்டைப் போட்டான். அக்கா பார்த்தால் நிம்மதியாகத் தூங்குவாள் என்று நினைத்தான்.

வியாழக்கிழமை அக்கா வேலை முடிந்து வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினான்கு நிமிடப் படத்தைக் கண் எடுக்காமல் பார்த்தாள். தன் பிரிவு வந்தபோது முன்னால் நகர்ந்தாள். முடிந்ததும் திரும்பினாள்.

"யாருக்கும் வாய் இல்லையே."

"என்னது?"

"மூஞ்சி இருக்கு. வாய் கலங்கிப் போயிருக்கு. முதலாளி என்னமோ சொல்றாரு, தெரியல."

"இது சின்னப் பிரதிக்கா. அப்படித்தான் இருக்கும். வெளிய எடுக்கும்போது வாய் வந்துடும்" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அதுவும் இல்லாம அங்க பாட்டுதானே ஓடுது. வாய் எதுக்கு?" என்று சேர்த்துக்கொண்டான்.

தொழில் அவனுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தது. பாட்டுப் போட்ட இடத்தில் பேச்சு கிடையாது. அங்கே யார் வாயசைத்தாலும் அது சும்மா அசைவுதான், மரம் அசைவதுபோல. இருபத்தேழு வருடமாக எத்தனையோ பேருடைய பேச்சின் மேல் இப்படிப் பாட்டைப் போட்டு மூடியிருக்கிறான். காது கேட்கும் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்வார்கள். அக்காவோடு நாற்பது வருடம் வாய் மட்டும் அசைத்துப் பேசியவன் செய்திருக்கக் கூடாது.

"எங்களுக்கு ஒன்பது நொடி குடுத்திருக்க" என்றாள் அக்கா. எண்ணியிருக்கிறாள். "நல்லாருக்கு."

வெள்ளிக்கிழமை பொத்தானை மாற்றிப் பெரிய படத்திலிருந்து வெளியே எடுத்தான். முடிந்த படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்க நினைத்தான். அதையும் தூக்க முடியாமல் கம்ப்யூட்டர் விக்கியது. பாட்டும் பேச்சும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் காதால் கேட்டுவிட்டு, கேமராக்காரரிடம் கொடுத்து அனுப்பினான். அக்கா பார்க்காமல் வெளியே போன முதல் படம் அது. பார்த்துவிட்டாள் என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தொழிற்சாலையின் சரக்கு வைக்கும் கூடத்தில் விழா. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, ஒரு சுவர் முழுவதற்கும் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். கத்திரி கடைசி வரிசையில் நின்றான். புதுக் கேமராவின் படம் அந்த அளவில் விரிந்தபோது அவனே கழுத்தை நீட்டிப் பார்த்தான். கேமராக்காரர் சொன்னது பொய்யில்லை. தன் முகத்தைக் கண்டவர்கள் எல்லாம் கூவினார்கள். பாட்டு வந்தது, பாட்டில்கள் வந்தன, முதலாளி கையை நீட்டினார். கூடம் கைதட்டியது.

நான்காவது வரிசையில் நான்கு பெண்கள் கைதட்டவில்லை.

ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் முழங்கையைப் பிடித்தாள். அவள் தன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். இருட்டில் கைகள் வேகவேகமாக அசைந்தன. அக்கா எழுந்து பின்னால் திரும்பி அவனைத் தேடினாள். அவன் 'என்னக்கா?' என்று வாயை அசைத்தான். அந்த இருட்டில் அவளுக்கு அவன் வாய் தெரியவில்லை. காரணம் அவனுக்கு இன்னும் தெரியாது, ஆனால் தன் கையால் ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

ஞாயிறு காலை காபிகூடக் குடிக்காமல் அக்கா நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "பெரிசுல போடு" என்றாள்.

போட்டான். விக்கியது. ஓட விடாமல், அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு சட்டமாக நகர்த்தினான். முதலாளி இருபத்தைந்து வருடமாக இயந்திர இரைச்சலில் பேசிப் பழகியவர். ஒவ்வொரு எழுத்துக்கும் வாயை நன்றாகத் திறந்து மூடுபவர். பதினெட்டு வருடமாக அந்த வாயைத்தான் அக்கா படித்து வேலை செய்திருக்கிறாள். கத்திரி ஹெட்போனை மாட்டிச் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தான். பாட்டில்கள் மோதுவது தவிர ஒன்றும் கேட்கவில்லை. அக்கா திரையில் விரலை வைத்து, தன் ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்தாள்.

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி இங்க கேமரா வந்துடும். இந்த எட்டுப் பேரும் தேவைப்பட மாட்டாங்க. விழா முடியட்டும், சொல்லிக்கலாம்."

இன்னொரு முறை போடச் சொன்னாள். அதேதான்.

கத்திரி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். அவளைச் சந்தோஷப்படுத்தத் தேடித் தேடி எடுத்து வைத்த காட்சி. "வியாழக்கிழமையே உனக்குப் பெரிசுல காட்டியிருக்கணும்கா. வாய் எதுக்குன்னு கேட்டேன் பாரு, என் புத்திய..." என்று வாயசைத்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவமானமாக இருந்தது.

அக்கா திரையிலிருந்து விரலை எடுத்தாள். "காட்டியிருந்தா நான் மட்டும் பாத்திருப்பேன். யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். உனக்கு வேலை கெட்டுடுமேன்னு பயந்திருப்பேன். இப்ப நாலு பேரும் பாத்துட்டோம்."

திங்கட்கிழமை நால்வரும் முதலாளியின் அறைக்குப் போனார்கள். அன்று மாலை அக்கா சொல்லித்தான் கத்திரிக்குத் தெரியும். ஒன்றாம் தேதி கேமரா வருகிறதா, எட்டுப் பேரும் தேவையில்லையா என்று அக்கா நேராகவே கேட்டிருக்கிறாள்.

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்றாராம் முதலாளி.

"நீங்கதான் சொன்னீங்க."

"நானா? எப்போ?"

"சனிக்கிழமை. எல்லார் முன்னாடியும்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு, அந்த இடம் வந்ததும் தன் வாயைத் தானே பார்த்திருக்கிறார். பிறகு எதையும் மென்று விழுங்கவில்லை. இயந்திரம் வாங்கியாகிவிட்டது, அதை நிறுத்த முடியாது என்றார். யாரையும் வெளியே அனுப்பவில்லை, எட்டுப் பேருக்கும் அட்டைப்பெட்டிப் பிரிவில் இடம் தருகிறேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தார். விழா முடியட்டும் என்று தான் நினைத்தது தப்புதான் என்றும் சொன்னாராம்.

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். பெட்டி மடிக்கிறதுக்குக் கண்ணு வேண்டாம், கை போதும்" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். வேலை போகவில்லை. பதினெட்டு வருடமாக அவளை அவளாக்கியிருந்த அந்த நாற்காலி போய்விட்டது. கத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை அக்கா விடுப்புப் போட்டாள். பத்து மணிக்குத் தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. படத்தை எல்லாத் தொழிலாளிகளுக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கப்போகிறார்களாம். அதற்கு முன்னால் பரிசோதனைப் பிரிவு வரும் இடத்தில், முதலாளி கையை நீட்டும் ஒன்பது நொடியை எடுத்துவிட வேண்டுமாம்.

"அந்த ஒன்பது நொடிய ஏன் சார் வெட்டணும்?" என்றான் கத்திரி.

"படம் கொஞ்சம் நீளமா இருக்காம்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான். அவன் பாதிப் பேச்சை அவன் வாயிலிருந்தே அக்கா படித்து முடித்திருந்தாள்.

"முடியாதுன்னு சொல்லிடறேன்கா. போனா போகுது இந்த வேலை. இருக்கட்டும் அது, ஊரே பாக்கட்டும்."

"வெட்டு" என்றாள்.

"ஏன்க்கா?"

"எட்டு வீட்டுலயும் இந்தப் படத்தைப் போடுவாங்க. நாங்க அங்க உக்காந்திருந்ததுக்கு வேற படம் கெடையாது. போடும்போதெல்லாம் அவரு பின்னாடி நின்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம்."

வெட்டினான். அந்த இடத்தில் ஒன்பது நொடிக் கறுப்பு விழுந்தது. என்ன வைக்க என்று கேட்டான். படம் நீளம் என்று சொன்னவர்களின் பேச்சை இருவருமே பொருட்படுத்தவில்லை. "பெரிசுல காட்டு" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தப் பிரிவில் எடுத்திருந்த நாற்பது நிமிடத்தையும் விக்க விக்கப் பார்த்தார்கள். கீழே டயர் கடையில் காற்று அடித்தார்கள், மேசை நடுங்கியது, மனைவி இரண்டு முறை டீ கொண்டுவந்து வைத்தாள். மதியம் ஒரு மணிக்கு மேல் அக்கா திரையைத் தொட்டாள்.

"இது."

பட்டையில் பாட்டில்கள் வருகின்றன. ஒரு கை நீண்டு நடுவிலிருந்து ஒன்றை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, ஓரத்தில் வைக்கிறது. அக்காவின் கை. கத்திரி இந்தக் காட்சியைச் சின்னப் பிரதியில் பார்த்து, சும்மா ஒரு கை என்று ஒதுக்கியிருந்தான்.

"இதுல என்னக்கா இருக்கு?"

அவள் விரலை நகர்த்திக் காட்டினாள். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே, மயிரிழையில் ஒரு விரிசல். அவள் காட்டிய பிறகும் அவனுக்கு அதைக் காணக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எண்ணி ஒன்பது நொடி எடுத்து அந்தக் கறுப்பில் வைத்தான். தொடக்கத்திலிருந்து ஓடவிட்டான், பெரிய படத்திலேயே, நின்று நின்று. அக்கா பதினான்கு நிமிடப் படத்தை முக்கால் மணி நேரம் பார்த்தாள். தன் பிரிவு வந்தபோது முன்னால் நகர்ந்தாள். கை நீண்டது, பாட்டில் ஓரத்துக்குப் போயிற்று, அடுத்த பிரிவு வந்தது.

"சரியா?" என்று வாயசைத்தான் கத்திரி.

"சரி" என்றாள் அக்கா. "இப்ப அவரு ஒண்ணும் சொல்லல."

படத்தை வெளியே எடுக்கும் பொத்தானை அவன் அழுத்தினான். முடிய இன்னும் ஐம்பது நிமிடம் என்று திரை காட்டியது. இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.